தனபால் கட்

பதினாறு சதவீதத்திலேயே நிற்கிறது, நிற்கட்டும், எனக்கென்ன அவசரம், ஆபீஸில் மிதுனுக்குத்தான் ஒன்பதரை மீட்டிங்குக்குள் வேண்டும், எனக்கு இப்போது வேண்டியது வாய் கொப்பளிக்க ஒரு சொம்பு நல்ல தண்ணீர், இந்த லாட்ஜ் வாளியின் உள்பக்கத்தைத் தொட்டால் வழவழவென்று ஒரு படலம் விரலோடு வருகிறது, எத்தனை பேர் குளித்த அழுக்கோ, அதில் மொண்டுதான் கொப்பளித்தேன், யாருடைய சோப்போ இன்னும் நாக்கில் நிற்கிறது. மணி எட்டு ஐந்து. கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாம் மாடி, ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு கோழிக்கடையின் பின்புறம், நீல டிரம்மில் இறகும் குடலும், கழுவிவிட்ட தண்ணீர் சாக்கடைக்குப் போக மனமில்லாமல் அங்கேயே தேங்கிக் கிடக்கிறது. பக்கத்துக் கட்டிலில் டிரைவர் உம்மர், வந்ததும் ஷூவைக் கழற்றி வீசிவிட்டு வாயைத் திறந்தபடி தூங்குகிறான், ஈரச் சாக்ஸ் நாற்றம் அறை முழுக்க, நானும் அப்படித்தான் நாறுவேன், என் நாற்றம் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தலையணை உறையில் யாரோ தலைக்கு வைத்த எண்ணெய் வட்டமாகக் காய்ந்திருக்கிறது, அதைத் திருப்பிப் போட்டேன், அந்தப் பக்கமும் ஒரு வட்டம். மடியில் லேப்டாப், அதிலிருந்து என் போன் வழியாகக் கோயம்புத்தூர் ஆபீஸுக்கு ஒரு ஃபைல் ஏறிக்கொண்டிருக்கிறது. நேற்று சாயங்காலம் ஏழு மணியிலிருந்து இன்று விடிய ஆறு மணி வரை அறுபது கிலோமீட்டர் ரோட்டில் ஒவ்வொரு விநாடியும் சிக்னல் எவ்வளவு இருந்தது என்று காரில் ஊர்ந்து ஊர்ந்து அளந்த ஃபைல். அதுதான் என் வேலை, பன்னிரண்டு வருஷமாக, டேஷ்போர்டில் நாலு போன், மடியில் இது, ஊர் தூங்கும்போது நான் அதன் தெருக்களை அளந்துகொண்டு. அறுபது என்றா சொன்னேன், இல்லை, ஏறிக்கொண்டிருப்பதில் ஐம்பத்தெட்டேகால்தான் இருக்கிறது. மிச்சம் ஒன்றே முக்கால் கிலோமீட்டரை ஏழரை மணிக்கு இதே கட்டிலில் உட்கார்ந்து வெட்டி எடுத்துவிட்டேன். நெல்லிமட்டம் ரோடு. இருபது சதவீதம் ஆகட்டும், அதற்குள் நிறுத்துவதா விடுவதா என்று ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.

பதினேழு. இந்தக் கட்டிலில் சிக்னல் மைனஸ் நூற்றுப் பன்னிரண்டு, ஜன்னல் விளிம்பில் மைனஸ் தொண்ணூற்றேழு, நடுவில் நாலடிகூட இல்லை. இந்தக் கணக்கைச் சொன்னால் வீட்டில் கோமதி, “மைனஸ்னா ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம், ஒண்ணுமில்லாததையா ராத்திரி பூரா அளந்துட்டு வர்றீங்க” என்பாள். ஒன்றுமில்லாததற்குக் கொஞ்சம் மேலே, அதைத்தான் அளக்கிறேன். மூன்று குறைந்தால் பலம் பாதி, பத்து குறைந்தால் பத்தில் ஒன்று, முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒன்று. இது மண்டையில் ஏற எனக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. பத்தாவது பெயில், கரூரில் கேபிள் டிவிக்கு மாடி மாடியாக ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவன், ஜெராக்ஸ் கடையில் சிக்னல் கணக்கைப் பற்றி நானூறு பக்கம் பிரின்ட் எடுத்து, பக்கத்தில் ஒரு அகராதியை வைத்துக்கொண்டு, லாக் என்ற கணக்குச் சொல்லுக்கு மரக்கட்டை என்று போட்டிருந்தது, சிக்னலுக்கும் மரக்கட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று மூன்று ராத்திரி விழித்துக் கிடந்திருக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை, கேட்டால் சிரிப்பார்கள். இப்போது போனைக் கையில் எடுத்த மாத்திரத்தில் தெரியும். சிக்னல் நன்றாக இருந்தால் டவரும் போனும் ஒரே மூச்சில் கொத்துக்கொத்தாகப் பேசிக்கொள்ளும். குறையக் குறைய ஒவ்வொரு எழுத்தாக, காது மந்தமான ஆளிடம் சொல்வதுபோல, கேட்டதா, கேட்டதா, பாதி வழியில் விழுந்துபோகும், மறுபடி சொல்லு என்று கேட்கும், மறுபடி சொல்லும், ஒரு தடவையில் போக வேண்டியது எட்டு தடவை, போன் தொண்டை கிழியக் கத்தும், கத்திக் கத்தி உடம்பு கொதிக்கும், பேட்டரி வடியும். இதோ தொட்டால் சுடுகிறது. நாலு கோடும் முழுசாக இருந்தும் நகராத இடம் வேறு உண்டு, வெளியே வராந்தாவில் அப்படித்தான், எதிர்மலை டவரும் இந்த டவரும் ஒன்றின்மேல் ஒன்று பேசி எதுவுமே விளங்காமல், கல்யாண மண்டபத்தில் இரண்டு பேர் இரண்டு மைக்கில் கத்துகிற மாதிரி. இதெல்லாம் தெரிந்து என்ன, தெரிந்த புத்தியை வைத்துத்தானே வெட்டினேன், தெரியாதவனுக்கு எங்கே வெட்டுவது என்றே தெரிந்திருக்காது.

கணுக்காலில் ஈரம். குனிந்து பார்த்தால் அட்டை கடித்த இடம் இன்னும் நிற்கவில்லை, மெல்லிசாக, தண்ணி மாதிரி ரத்தம், செருப்பு வாரில் இறங்கி விரலிடுக்கில் பிசுபிசுக்கிறது. அட்டை விழுந்து மூன்று மணி நேரம் ஆகிறது. உப்புப் போட்டதும் அது சுருண்டு, நான் குடித்த ரத்தத்தையே, சே, அது குடித்த என் ரத்தத்தையே கக்கியது, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அந்த அம்மா, ஜெசிந்தா சிஸ்டர், நெல்லிமட்டத்தில் அரசாங்க நர்ஸ், சிரித்தார். “உப்பு போடாம விட்டா அதுவா குடிச்சு முடிச்சு விழுந்துரும் சார், நீங்க பயந்தீங்கன்னுதான் போட்டேன்.” ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவை, ஸ்வெட்டருக்கு மேல் துண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் நாற்பதோ ஐம்பதோ, கடைசியில் ஒரே அறையில் அவருடைய துணைச் சுகாதார நிலையம். விடிகாலை ஐந்து. உம்மரிடம் காரை நிறுத்தச் சொல்லிவிட்டுச் செடிக்குப் பின்னால் மூத்திரம் போக இறங்கினேன், அவ்வளவுதான், அங்கேதான் அட்டை ஏறியது. திரும்பி வருகிறேன், கார் பக்கத்தில் டார்ச்சோடு நிற்கிறார். “சிக்னல் பாக்க வந்தவங்களா?” ஆமாம் என்றேன். “நான் புகார் குடுத்ததுக்கு வந்ததுல நீங்க நாலாவது ஆளு. முன்னாடி வந்த மூணு பேரும் காருக்குள்ளயே இருந்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. நீங்கதான் எறங்கிப் பாக்குறீங்க.” ஜிப்பைச் சரியாகப் போட்டேனா என்று தடவிப் பார்த்துக்கொண்டே, ஆமாம் சிஸ்டர், இறங்கிப் பார்த்தால்தானே தெரியும் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கியம். மூத்திரம் பெய்ய இறங்கியவனுக்கு ஒரு மரியாதை, கால் கழுவச் சுடுதண்ணீர், கண்ணாடி டம்ளரில் இஞ்சி போட்ட டீ. டீயில் ஆடை படிந்திருந்தது, உதட்டில் ஒட்டியது, அந்த ஆடையை அவர் பார்க்காதபோது சுவரில் தேய்த்தேன், அரசாங்கச் சுவர், தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில்.

இருபத்திரண்டு. இருபது தாண்டியதைக் கவனிக்கவில்லை. சரி முப்பது. “உங்க மெஷின்ல என்ன காட்டுது?” என்று கேட்டார். ரெண்டு கோடு என்றேன். “எங்க போன்லயும் ரெண்டு கோடுதான். ரெண்டு கோடு வந்தா நல்ல சேதின்னு சொல்றது நான் பொம்பளைங்களுக்குப் பாக்குற டெஸ்ட்டுல மட்டும்தான் சார், இதுல இல்ல.” உம்மர் விழுந்து விழுந்து சிரித்தான். அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டேதான் அதையும் சொன்னார், அதே குரலில், டம்ளரை வாங்கிக் கழுவிக்கொண்டே. போன மழைக்கு இங்கே ஒரு பெண்ணுக்கு எட்டு மாதத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. ஆம்புலன்ஸுக்கு அடித்தார். போன் போனது. அந்தப் பக்கம் எடுத்தார்கள். “அவங்க பேசறது எனக்குத் தெளிவா கேக்குது சார். எந்த ஊரு சொல்லுங்க, எந்த ஊரு சொல்லுங்கங்கறாங்க. நான் நெல்லிமட்டம் நெல்லிமட்டம்னு கத்தறேன். ஹலோ, ஹலோ, பேசுங்கங்கறாங்க. வெச்சிடறாங்க. ஏழு வாட்டி. அவங்க மேல தப்பு இல்ல, அவங்களுக்குக் கேக்கல.” அப்புறம் தேயிலை மூட்டை ஏற்றும் ஜீப்பில் படுக்கவைத்துப் போனார்கள். “பொண்ணு பொழச்சுக்கிச்சு. புள்ள ஜீப்புலயே போயிடுச்சு.” டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “இந்த மாசம் ரெண்டு பேருக்கு நாள் இருக்கு. அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணுவாங்களா சார்?” நான் அப்போதும் ஏதோ சொன்னேன். பண்ணுவாங்க சிஸ்டர் என்றேனா, ரிப்போர்ட்ல எழுதறேன் என்றேனா, ஞாபகம் இல்லை, வாயிலிருந்து ஏதோ வந்தது, புளிச்ச ஏப்பம் மாதிரி. ஆனால் அவர் சொன்னது எனக்குத் தெரிந்த விஷயம். டவர் பெரிய ஆள், அது பேசினால் பள்ளத்துக்கும் கேட்கும். போன் சின்னது, அதன் குரல் மேட்டைத் தாண்டாது. என் ஃபைலில் அதுவும் பதிவாகியிருக்கிறது, நெல்லிமட்டம் ரோடு முழுக்க நாலு போனும் தன் முழுப் பலத்தில் கத்திக்கொண்டே வந்திருக்கின்றன. ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டமே கிடையாது. மேலிருந்து கீழே என்ன வருகிறது என்பதற்கு மட்டும்தான் கட்டம், அந்தக் கணக்கிலேயே அந்த ரோடு தேறவில்லை.

தேறவில்லை என்றால் இப்படி. ஃபைலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவுகள் மைனஸ் நூற்றைந்துக்கு மேலே இருந்தால் ஏரியா பாஸ், புகார் க்ளோஸ், அடுத்த ஒரு வருஷத்துக்கு யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நெல்லிமட்டத்தோடு சேர்த்தால் தொண்ணூற்று மூன்று புள்ளி இரண்டு. எடுத்துவிட்டால் தொண்ணூற்றாறு. வெட்டுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். கார் ஒரே இடத்தில் நின்றால் ஒரே அளவு ஆயிரம் தடவை பதிவாகிக் கணக்கைக் கெடுக்கும், ஆகவே நின்ற நேரத்தை வெட்டலாம், அது நியாயம், எல்லோரும் செய்வது. கோளாறான ரோட்டில் காரை வேண்டுமென்றே ஐந்து நிமிஷம் நிறுத்து. அப்புறம் நின்ற நேரத்தை வெட்டுகிற சாக்கில் கத்தியை முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் தள்ளி வை. நின்றதோடு ஓடியதும் போய்விடும். யார் கேட்டாலும் கார் நின்றது சார், டீ குடித்தோம் சார். இதைக் கண்டுபிடித்தவன் நான். வேறு எவனுக்கும் இந்த மூளை ஓடவில்லை, பி.ஈ. படித்தவனுக்கு ஓடவில்லை. கோயம்புத்தூர் ஆபீஸில் இதற்குப் பெயரே தனபால் கட். புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், தனபால் கட் தெரியுமா, தெரியாதா, அவருகிட்டயே கேளு. முதன்முதலில் காதில் விழுந்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெருமையாக இருந்தது. ராத்திரி கோமதியிடம் சொன்னேன், என் பேர்ல ஒண்ணு இருக்குடி ஆபீஸ்ல. என்னது, என்றாள். உனக்குப் புரியாது என்றேன். இன்று காலையும் ஒரே தடவையில் கத்தியை வைத்துவிட்டேன். நெல்லிமட்டத்தில் கார் நாற்பது நிமிஷம் நின்றது, அவர் டீ போட்டதால். அவர் கொடுத்த அந்த நாற்பது நிமிஷத்தைச் சாக்காக வைத்துத்தான் அவர் ரோட்டையே எடுத்தேன். டீ குடித்தோம் சார்.

நாற்பத்தொன்று. நிறுத்தலாம், ஒரு பொத்தான்தான். நிறுத்தினால் என்ன ஆகும், மாசக் கடைசியில் என் கான்ட்ராக்ட் முடிகிறது, நாற்பத்தொன்பது வயது, என்னைவிடப் பாதி வயதில் பையன்கள் பாதிச் சம்பளத்துக்கு வரத் தயாராக இருக்கிறார்கள், போன வருஷம் ஈரோட்டு முத்தையன் ஒரு ஏரியாவை ஃபெயில் என்று எழுதிவிட்டு மாசம் முழுக்க போன் வருமா போன் வருமா என்று உட்கார்ந்திருந்தான், வரவேயில்லை, யாரும் அவனைத் திட்டக்கூட இல்லை. அப்புறம் என்ன செய்வேன், மறுபடி மாடியில் ஒயர் இழுக்கவா, இப்போது எவன் வீட்டில் கேபிள் இருக்கிறது. பகலில் வேலை செய்யவும் எனக்கு வராது, வெயில் கண்ணில் குத்துகிறது, பகலில் தெருவில் நடந்தால் யாரோ என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி இருக்கிறது. அந்த அம்மாவுக்கு வேறு வழியா இல்லை, மேட்டுக்கு ஏறிப் போய்ப் பேசலாம், பம்ப் ஹவுஸ் மேட்டில் கிடைக்கிறது என்றாரே, அறுபத்தெட்டுப் படி. ரத்தம் போகிற பெண்ணைக் கீழே விட்டுவிட்டு அறுபத்தெட்டுப் படி. ஐம்பது வரட்டும். இப்படி ஒரு நாற்றம் எங்கிருந்து வருகிறது, கோழிக் குடலா, உம்மர் சாக்ஸா, வாளியா, என் கக்கத்தைத் தூக்கி மோந்து பார்த்தேன், அதுவும்தான். நகத்திலே கறுப்பு. லேப்டாப்பில் எந்தெந்த எழுத்தை அதிகம் அடிக்கிறேனோ அந்த எழுத்தெல்லாம் எண்ணெய் பூத்து மின்னுகிறது. ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்றில் நின்றது. சுற்றிச் சுற்றி வந்த வட்டம் நின்று, சிவப்பில் ஒரு வரி, இணைப்பு துண்டிக்கப்பட்டது. நான் கைவைக்கவில்லை. போனில் மைனஸ் நூற்றுப் பதினெட்டு, மலைமேல் மேகம் இறங்கியிருக்கும், இல்லை எட்டரை மணிக்கு ஊரே போனைத் திறந்திருக்கும், எதுவோ, அறுந்தது, தானாகவே அறுந்தது. அப்பாடா என்றுகூட நினைத்தேன், அந்தச் சொல்லை நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் தெரியுமா, ஜன்னலில். போனைக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு, மணிக்கட்டைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பி, சர்ச்சுக்கு மேலே இருக்கிற டவருக்கு முகம் காட்டி. மைனஸ் எண்பத்தாறு. நான் நிறுத்தவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே கை எழுந்து போய், இடத்தைத் தேடி, சரியாகப் பிடித்து, மறுபடி முயல்க என்பதையும் அழுத்தியிருந்தது. பன்னிரண்டு வருஷத்துக் கை. அதற்கு எதற்கென்று தெரிய வேண்டியதில்லை, சிக்னல் குறைந்தால் நல்ல இடம் தேடும், அவ்வளவுதான், அறுத்த கோழி இறக்கையடிக்கிற மாதிரி. எழுபது, எண்பத்திரண்டு, தொண்ணூற்றைந்து, கட்டிலில் அரை மணி நேரம் இழுத்தது இங்கே நாலு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. முடிந்தது என்று பச்சையில் ஒரு டிக். கீழே கோழிக்கடைக்காரன் குழாயைத் திறந்துவிட்டான்.

எட்டு நாற்பத்திரண்டுக்கு மிதுன் கூப்பிட்டான். எங்கள் எஞ்சினியர், இருபத்தாறு வயது, பொள்ளாச்சிப் பக்கம். “வந்துருச்சுங்ணா. தொண்ணூத்தாறு. செமங்ணா. தனபால் கட்டுன்னா தனபால் கட்டுத்தான், நானெல்லாம் தலைகீழா நின்னாலும் அந்த மாதிரி வராது.” பின்னால் யாரோ டம்ளரில் ஸ்பூன் விட்டுக் கலக்குகிற சத்தம், கணீரென்று கேட்டது. “அப்போ ஒன்பதரை மீட்டிங்ல நெல்லிமட்டத்தை லிஸ்ட்டுல இருந்து தூக்கிரலாம். கம்ப்ளெயின்ட் குடுத்தவங்களுக்கு ஒரு கால் போட்டு, சரியாயிருச்சுங்களான்னு கேட்டுட்டு க்ளோஸ் பண்ணோணும், அது ஒண்ணுதான் பாக்கி.” சரியாகவில்லை என்று சொன்னால் என்றேன். “எங்கீங்ணா சொல்லப்போறாங்க, அங்கதான் லைனே கெடைக்காதே. மூணு வாட்டி அடிப்போம், கெடைக்கலீன்னா வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லைன்னு போட்டு க்ளோஸ் பண்ணிக்கலாம், அதுக்கு ரூல் இருக்குதுங்ணா.” சிரித்தான். கெட்ட சிரிப்புகூட இல்லை, எட்டே முக்கால் மணிக்குக் காபியைக் கலக்கிக்கொண்டு எந்தப் பிள்ளையும் சிரிக்கிற சிரிப்பு. சிக்னல் இல்லை என்று புகார் கொடுத்த சிஸ்டருக்கு சிக்னல் இல்லாததால் புகார் முடிந்தது. “மிதுன், மூடாதே” என்றேன். என்னங்ணா என்றான். “அந்த ஃபைல் வெட்டினது. ஒண்ணே முக்கால் கிலோமீட்டர் எடுத்துட்டேன். அதையும் சேத்தா தொண்ணூத்து மூணுதான் வருது. முழு ஃபைல் அனுப்பறேன், அதப் போடு.” ஸ்பூன் நின்றது. அப்புறம், “அண்ணா, கட்டாகுதுங்ணா. ஹலோ. ஹலோ.” நான் மறுபடி சொன்னேன், ஒவ்வொரு வார்த்தையாக. “கேக்கலீங்ணா. சிக்னல் இல்ல போல. ஹலோ. சரிங்ணா, தூங்குங்க, அப்புறம் பேசலாம்.” வைத்துவிட்டான். என் கையில் மைனஸ் எண்பத்தாறு. அவன் தலைக்கு மேலேயே ஆபீஸ் கூரையில் ஒரு குட்டி ஆன்டெனா இருக்கிறது, போன தீபாவளிக்கு மாட்டியது, அதை அளந்ததும் நான்தான். அறுந்துபோகிற பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், வார்த்தை நடுவில் முழுங்கும், குரல் தகரமாகும், மூச்சு மட்டும் வரும். இவன் குரலில் ஒரு எழுத்து சிதறவில்லை. கேக்கலீங்ணா என்பது எவ்வளவு சுத்தமாக வந்து விழுந்தது. அவனுக்கு அந்தப் பொய்யை யார் சொல்லிக்கொடுத்தது, யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்கு அது வாயிலேயே இருக்கும்.

மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. முழு ஃபைலை ஏற்றத் தொடங்கிவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தேன். எங்கள் கோட்டத்துக்கு ஒரு குரூப், முப்பத்தெட்டுப் பேர், எஞ்சினியர்கள், அளக்கிறவர்கள், டிரைவர்கள், மிதுனுக்கு மேலே இருக்கிற பெரிய மேடம் ஒருவர். அதில் நான் இதுவரை ஓகே சார் என்பதைத் தவிர வேறு ஒன்றும் எழுதியதில்லை. ஒற்றை விரலால் அடித்தேன். ‘நெல்லிமட்டம் ஃபைல் வெட்டியது. வெட்டியது நான். முழு ஃபைல் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே சிக்னல் சரியாகவில்லை. புகாரை மூட வேண்டாம். தனபால்.’ அனுப்பினேன். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்ப்பதுபோல முதுகு கூசியது. அரை நிமிஷம் போயிருக்கும், திருச்செங்கோட்டிலிருந்து ஒரு டிரைவர் ரோஜாப்பூ படம் ஒன்றைப் போட்டான், இதழில் பனித்துளி, இனிய காலை வணக்கம், இன்றைய நாள் இனிமையாகட்டும். அதற்குக் கீழே ஒருவர் கும்பிடு. இன்னொருவர் கும்பிடு. யாருக்கோ இன்று பிறந்தநாளாம், கேக், கேக், கேக். என் வரி மேலே ஏறிப் போய்க் காணாமல் போயிற்று. அதைத் தேடிப் பிடித்து நகலெடுத்து மறுபடி போட்டேன். மிதுன் எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி எழுதுகிறார், நின்றது. யாரோ பிறந்தநாள்காரருக்கு நீடூழி வாழ்க. மூன்றாம் தடவை போட்டேன். பக்கத்துக் கட்டிலில் உம்மரின் போன் ஒவ்வொன்றுக்கும் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்க, அவன் கண்ணைத் திறக்காமல் கையைவிட்டுத் துழாவி எடுத்து, ஒரு கண்ணால் பார்த்தான். “அண்ணே, ஒரே மெசேஜ மூணு வாட்டி போட்டிருக்கீங்க. போன் ஹேங்கா?” இல்லடா என்றேன். எழுந்து உட்கார்ந்து படித்தான், உதட்டை அசைத்து அசைத்து. “நம்ம சோத்துல மண்ணு” என்றான். தலையைச் சொறிந்தான். “என்னையும் தூக்கிருவானுங்கல்ல?” தெரியலடா என்றேன். பிறகு தும்மினான், மூக்கைத் துண்டில் துடைத்தான், அதே துண்டால் போனையும் துடைத்தான், ஏதோ அடிக்க ஆரம்பித்தான். என் போனில் வந்து விழுந்தது. ‘வண்டி ஓட்டுனது நான் உம்மர். நானும் என் போன்ல நாலு வாட்டி அடிச்சு பாத்தேன் வீட்டுக்கு. என் பேச்சு கேக்கல. மேடம் பாக்கவும்.’ அவன் வீட்டுக்கு அடித்தது எனக்குத் தெரியாது. எப்போது அடித்தாய் என்றேன். “நீங்க டீ குடிச்சுட்டு இருக்கும்போது. அவ ஹலோ ஹலோன்னு கத்திட்டு, குடிச்சிருக்கியான்னு கேட்டுட்டு வெச்சுட்டா.” மறுபடி படுத்துவிட்டான், சுவர்ப்பக்கம் திரும்பி. இரண்டே நிமிஷத்தில் குறட்டை.

ஒன்பது இருபத்தைந்துக்கு முழு ஃபைல் போய்ச் சேர்ந்தது. ஒன்பது முப்பத்தெட்டுக்குக் குரூப்பில் மேடம் ஒரே ஒரு வரி எழுதினார், ‘நெல்லிமட்டம் இன்று எடுக்கவில்லை, களத்துக்கு எஞ்சினியர் போய்ப் பார்த்து அறிக்கை தரவும்.’ மிதுன் சரிங்க மேடம் என்றான். பத்து நிமிஷம் கழித்து அடுத்த வார வேலைப் பட்டியல் வந்தது, அதில் உம்மர் இருந்தான், நான் இல்லை. சரி. போகட்டும். அந்த நேரத்தில் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன், எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள். ஆகவில்லை. ஒரு வரி. நாலு சொல் அடித்து ஒரு பொத்தான், ரோஜாப்பூவுக்கு அடியில் மூன்று வாட்டி. இவ்வளவுதான் தேவைப்பட்டதா. இவ்வளவுதான் என்றால் மற்றதெல்லாம் என்ன. அந்த நினைப்பை அங்கேயே நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை, கை லேப்டாப்பில் பழைய ஃபைல்கள் இருக்கிற இடத்துக்குப் போயிற்று. வெட்டுவதற்கு முன்னால் முழு ஃபைலை எப்போதும் தனியாக எடுத்து வைப்பேன், எதற்கென்று தெரியாது, கத்தியை வைக்கிறவன் பயம். எண்ணினேன். நடுவில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். நாற்பத்து மூன்று. ஊர்ப் பெயர், தேதி, ஊர்ப் பெயர், தேதி. பாதி ஊர் ஞாபகமே இல்லை, பெயரைப் பார்த்தால் ஒரு வளைவோ, ஒரு நாய் குரைத்ததோ, ஹெட்லைட்டில் ஒரு பூட்டிய கடையோ, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. முதல் ஃபைலைத் திறந்தேன். கொல்லிமலைப் பக்கம், ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி, இரண்டு கிலோமீட்டர் இருநூறு மீட்டர், மைனஸ் நூற்றுப் பதினாறு, பதினேழு, பதினாறு, பதினெட்டு, அப்படியே கீழே கீழே போகிறது, நாலு போனும் முழுப் பலத்தில். அந்த ரோட்டில் வீடுகள் இருந்தன. விளக்கு எரிந்துகொண்டிருந்த ஒரு வீட்டு வாசலில் யாரோ கையை ஆட்டிக் காரை நிறுத்தச் சொன்னார்கள், ஆணா பெண்ணா தெரியவில்லை, அளவு கெட்டுவிடும் நிறுத்தாதே என்று நான்தான் டிரைவரிடம் சொன்னேன்.